சௌந்தரத்தின் பெயர் ஒட்டிய வண்டி

வெள்ளைக்கரட்டில் எல்லாக் கார்களின் முன்கண்ணாடியிலும் லேபிள் வந்து ஒட்டிக்கொண்ட அந்த மார்கழிக் காலையில், ஊர்க்காரர்கள் முதலில் பார்த்தது நட்சத்திரங்களைத்தான். புது ஃபிரிட்ஜின் கதவில் இருக்குமே, அதே போல அரைவட்டமாக நட்சத்திரங்கள், அதன் கீழே ஒரு லிட்டருக்கு வண்டி எவ்வளவு தூரம் ஓடும் என்ற கணக்கு, அதற்கும் கீழே ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை கிராம் புகை விடும் என்ற கணக்கு, டவுன் ரோட்டுக்கு ஒன்று, ஹைவேக்கு ஒன்று, மலை ஏறுவதற்கு ஒன்று என்று தனித்தனியாக, ஷோரூமில் நிற்கும் கார்களில் இருப்பதைப் போலவே சுத்தமாக அச்சடித்து, டாக்டரின் பெரிய காரிலும், பூக்கடைக்காரர் மூன்றாம் கையாக வாங்கிய பழைய காரிலும், கோழிப்பண்ணைக்காரர் வீட்டு வேப்பமரத்தடியில் டயர் இறங்கிக் கிடந்த காரிலும், இடது கீழ் மூலையில் ஒட்டியிருந்தது. கம்பெனியின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் யாரோ ஒரு ஆளின் பெயர் இருந்தது.

அரசாங்கம் ஒட்டியிருக்கும் என்றார்கள். அரசாங்க ஜீப்பிலும் இருந்ததால், இன்னும் மேலே இருக்கிற அரசாங்கம் ஒட்டியிருக்கும் என்றார்கள். பிளேடால் சுரண்டினால் வந்தது. டீ குடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் மறுபடி இருந்தது. பெயர்களின் அர்த்தம் புரியத்தான் கொஞ்ச நாள் ஆனது. டாக்டரின் கார் லேபிளில் பூவாத்தா என்று இருந்தது. பூவாத்தா பைபாஸ் பாலத்துக்குக் கீழே, டாக்டரின் கிளினிக்குக்கு நேர் எதிரில் இட்லி விற்பவள். டாக்டர் வண்டியை ஸ்டார்ட் பண்ணும்போதெல்லாம் அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு இருமுவதையும், வண்டி போய்விட்டால் நெஞ்சைத் தடவிக்கொண்டு திரும்பக் கரண்டியை எடுப்பதையும், சாப்பிட உட்கார்ந்திருந்தவர்கள் பார்த்தார்கள். பார்த்தபின் அவரவர் வண்டியில் இருந்த பெயரை நினைத்துக்கொண்டு, எழுந்து கை கழுவிவிட்டுப் போனார்கள். ஒரு வண்டி விடும் புகை கடைசியில் யாருடைய நெஞ்சில் போய் இறங்குகிறதோ அவருடைய பெயர் அது.

கரடும் குன்றும் சுற்றி நிற்கும் ஊர் அது, மேற்கே மலை. காற்றுக்கு வெளியே போக வழியில்லை என்பது எல்லோருக்கும் எப்போதும் தெரியும். இப்போது ஆள் தெரிந்தது, அவ்வளவுதான்.

தெரிந்ததும் ஊர் என்ன செய்தது என்றால், மரியாதை செய்தது. பெயருக்குரியவரின் வீதியில் ஹாரன் அடிப்பதில்லை என்று பேசிக்கொண்டார்கள். பொங்கலுக்குக் கரும்பும் ஒரு பெட்டி இனிப்பும் கொண்டுபோய்க் கொடுத்து, "தப்பா நெனச்சுக்காதீங்க, வேற வழியில்லீங்க, சோலி அப்படி" என்றார்கள். வாங்கிக்கொண்டவர்களும், "அட, அதுக்கென்னங்க, ஓட்டாம இருக்க முடியுங்களா" என்று காபி கொடுத்து அனுப்பினார்கள். கல்யாணப் பேச்சில், மாப்பிள்ளை வீட்டுக் காரில் யார் பெயர் இருக்கிறது என்று பெண் வீட்டார் நாசூக்காக விசாரித்தார்கள். ஒரு காரிலும் தன் பெயர் வராத ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தார். பூவாத்தாவின் பெயரோ பைபாஸில் போகும் கார்களில் பாதிக்கு மேல் இருந்தது. அவளுக்கு ரோட்டரி கிளப்பில் சால்வை போர்த்தி, மைக்கைக் கொடுத்தார்கள். அவள் இரண்டு வார்த்தை பேசினாள், மீதி இருமல்.

பங்குனியில் பூவாத்தா செத்துப்போனாள். அவளுடைய பெயர் இருந்த கார்கள் எல்லாம் வந்தன. பாடைக்குப் பின்னால் ஆள் நடக்கும் வேகத்தில், முதல் கியரில், கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, கிளினிக்கிலிருந்து சுடுகாடு வரைக்கும் வரிசையாக ஊர்ந்து போயின. அப்படி ஊர்ந்து போகும்போதுதான் வண்டிகள் அதிகமாகப் புகைவிடும். சிதை எரிந்ததைப் பார்த்துவிட்டு வந்து வண்டியில் ஏறியவர்கள் கண்ணாடியைப் பார்த்தால், பூவாத்தா என்று இருந்த இடத்தில் எல்லாம் வேறு வேறு பெயர்கள் இருந்தன. பெண்கள் சிலர் சுடுகாட்டு வாசலிலேயே அழுதார்கள். ஆண்கள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்கள். மறுநாள் திங்கட்கிழமை, பிள்ளைகளுக்கு ஸ்கூல் இருந்தது.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் டாக்ஸி போட்டிருந்த நாச்சிமுத்துவின் வண்டியில், முதல் நாளிலிருந்தே, அவன் மனைவி சௌந்தரத்தின் பெயர் இருந்தது. ஊரிலேயே வேறெந்த வண்டியிலும் அவள் பெயர் இல்லை. அவன் வண்டியில் மட்டும்தான். பிள்ளை இல்லாத வீடு. கல்யாணம் ஆன மறு வருஷம் வாங்கிய வெள்ளைக் கார் அது. அவர்கள் சாப்பிட்டதும், ஓலைக் கூரையை மாற்றித் தளம் போட்டதும், சௌந்தரத்தின் அம்மாவுக்குக் கடைசி வரை வைத்தியம் பார்த்ததும் அந்தக் காரை வைத்துத்தான். லேபிளைப் பார்த்த அன்றைக்கு நாச்சிமுத்து கடைக்குப் போய் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு முருகன் ஸ்டிக்கர் வாங்கிவந்து அந்தப் பெயரின் மேல் ஒட்டினான். பெயர் நகர்ந்து முருகனின் காலடிக்குக் கீழே வந்து நின்றது. அன்றிலிருந்து அவன் வீட்டுக்கு வந்தால், வண்டியின் மூக்கு மதிலை முட்டுகிற மாதிரி நிறுத்தினான், அவள் கண்ணில் படாமல் இருக்க.

"எதுக்குங்க இப்படி நிறுத்தறீங்க? காலைல எடுக்கறதுக்குச் சிரமமில்லீங்களா?" என்று சௌந்தரம் கேட்டாள்.

"வெயிலு புள்ள. கண்ணாடில வெயிலு பட்டா டேஷ்போர்டு வெளுத்துப் போகுது."

"மார்கழில என்னங்க வெயிலு" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள். விடியற்காலையில், அவன் எழுவதற்கு முன்பே, துணியும் வாளியுமாக வந்து அந்தக் கண்ணாடியைத் துடைப்பவள் அவள்தான். ஊரில் அந்த லேபிளை முதலில் பார்த்த ஆளே அவளாகத்தான் இருக்க வேண்டும். தன் பெயரைப் படித்தாள், ஒருமுறை தொட்டுப் பார்த்தாள், துடைத்துவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். தெரியாதது போல அவளும், அவளுக்குத் தெரியாது என்று அவனும், தை போய், மாசி போய், ஒருவருக்கு ஒருவர் மறைத்துக்கொண்டு வாழ்ந்தார்கள். அவன் தூரச் சவாரியை எல்லாம் மற்ற டிரைவர்களுக்குத் தள்ளிவிட்டு, ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்துவிட்டு வந்து, "இன்னிக்கு ஒண்ணும் ஓடல" என்றான். அவள் சோற்றைப் போட்டுக்கொண்டே, "அப்படிச் சும்மா உக்காந்தா எப்படிங்க, போய்ச் சவாரி கேளுங்க" என்றாள். சொல்லி முடிக்க அவளுக்கு மூச்சு போதவில்லை என்பதை அவன் பார்த்தான். அவன் பார்த்ததை அவளும் பார்த்தாள்.

பூவாத்தாவைச் சாம்பலாக்கிவிட்டு வந்த பிறகு அவனால் வண்டியைத் தொட முடியவில்லை. கார் புரோக்கர் தங்கவேலு சொன்னான்: "வித்துருங்க மாப்ள. ஆர்.சி. புக்குல பேரு மாறுனா கண்ணாடியிலயும் பேரு மாறும். கை மாறுனா எல்லாமே மாறும். எத்தன வண்டி பாத்திருக்கறேன்." லேபிள் ஒட்டிய வண்டி ஒன்றையும் அவன் அதுவரை விற்றதில்லை. ஆனால் நாச்சிமுத்துவுக்கு யாராவது அப்படிச் சொல்ல வேண்டியிருந்தது.

வைகாசியில் வண்டியை எடுத்துப்போக ஆள் வந்தது. சந்து முனை திரும்பும் வரைக்கும் சௌந்தரம் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ற பேரோட போகுது பாருங்க" என்றாள்.

நாச்சிமுத்து திரும்பி அவளைப் பார்த்தான். அவ்வளவு நாளும் சேர்த்துவைத்திருந்த பொய்கள் எல்லாம் அவன் முகத்தில் ஒரே சமயத்தில் கலைந்தன.

"உனக்குத் தெரியுமா?"

"நாந்தானுங்க கண்ணாடி தொடச்சேன்."

"ஏம்புள்ள சொல்லல?"

"சொன்னா ஓட்ட மாட்டீங்க. ஓட்டாம நீங்க சும்மா உக்காந்திருக்கறத என்னால பாக்க முடியாதுங்க. நீங்க மட்டும் சொன்னீங்களா?"

அவன் தேங்காய் மண்டிக்கு வேலைக்குப் போக ஆரம்பித்தான். சில நாள் அவள் நன்றாக இருந்தாள். கோயிலுக்கு நடந்து போய் வந்தாள், பாட்டுக்கூட முணுமுணுத்தாள். பிறகு ஒரு முற்பகலில், மாடியில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தவள் அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பக்கத்து வீட்டுக்காரி ஓடிப்போய் மண்டியிலிருந்து அவனைக் கூட்டிவந்தாள்.

"மலை ஏறுதுங்க" என்றாள் சௌந்தரம்.

"எது?"

"நம்ம வண்டி. தெனமும் காலைல நீங்க எடுக்கறதக் கேட்டவளுக்கு அது போறது தெரியாதுங்களா? கியரு மாத்தறது நெஞ்சுல தெரியுதுங்க. ரெண்டாவது கியரு போட்டாப் புடிக்குது. இப்ப ஒரு வளைவு... ஆச்சு. சமதளத்துக்கு வந்துருச்சு." அவள் முகத்துக்கு மெல்ல நிறம் திரும்பியது. அவன் அவள் பாதங்களைத் தேய்த்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கை மாறியிருந்தது, ஆர்.சி. புக் மாறியிருந்தது, பெயர் மாறவில்லை.

தங்கவேலு வண்டியை இன்னொரு புரோக்கருக்குக் கொடுத்திருந்தான். அந்த ஆள் மேலே எங்கேயோ, மலையில், யாருக்கோ கொடுத்துவிட்டு ஃபோனை எடுக்காமல் இருந்தான். ஆடிக்காற்று அடிக்கிற ஒரு நாள் நாச்சிமுத்து கோத்தகிரி பஸ்ஸில் ஏறினான். சௌந்தரம் கட்டிலில் படுத்துக்கொண்டு ஃபோனைக் காதில் வைத்திருந்தாள். பஸ் மலை ஏற ஏற, அவள் சொல்லிக்கொண்டே வந்தாள், நிறுத்தி, மூச்சு வாங்கி, திரும்பச் சொன்னாள்: இப்போது இறங்குகிறது, இப்போது வளைவு, இப்போது திரும்ப ஏற்றம், ரொம்ப ஏற்றம், வண்டியில் ஆட்கள் நிறைய இருக்கிறார்கள் போலிருக்கிறது. அவன் பஸ் ஜன்னலுக்கு வெளியே எதிரில் வரும் ஒவ்வொரு வெள்ளைக் காரையும் பார்த்தான். அவளுடைய மூச்சின் வழியாக அவன் அந்த மலையில் தன் வண்டியைத் தேடினான்.

"நின்னுருச்சுங்க" என்றாள் அவள். "ஆனா ஆஃப் பண்ணல. நின்ன எடத்துலயே ஓடிட்டு இருக்குது. லேசா, விடாம, புடிச்சுக்கிட்டே இருக்குதுங்க."

அடுத்த வளைவில், காரட்டும் முட்டைக்கோஸும் விற்கிற கடைக்கு முன்னால், அது நின்றுகொண்டிருந்தது. நாச்சிமுத்து ஓடுகிற பஸ்ஸிலிருந்து குதிக்காத குறையாக இறங்கி, ஓடி, திறந்திருந்த ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் சாவியைத் திருப்பினான். எஞ்சின் அடங்கியது. காதில் இருந்த ஃபோனில், கிணற்றுக்குள்ளிருந்து வாளி மேலே வருவது போல, ஒரு நீண்ட மூச்சு கேட்டது.

வண்டியை வாங்கியிருந்த பெள்ளிராஜ், தேயிலைத் தோட்டம் வைத்திருப்பவர், காரட் மூட்டையோடு ஓடிவந்து கத்தினார். "என்னங்க பண்றீங்க? பேட்டரி வீக்கு, ஆஃப் பண்ணா திரும்ப எடுக்காதுங்க!"

"தெரியுங்க. என்ற வண்டிதானுங்க இது." நாச்சிமுத்து கண்ணாடியைத் தொட்டான். "இந்தப் பேரு என்ற சம்சாரம்."

பெள்ளிராஜ் மூட்டையைக் கீழே வைத்தார். "சௌந்தரம். எல்லாரும் பிள்ளைக பேரு எழுதுவாங்க, இவரு சம்சாரம் பேர எழுதியிருக்காரு, எவ்வளவு ஆசையோன்னு நாங்க வீட்டுல பேசிக்கிட்டோங்க. அதனாலதான் அழிக்கல."

நாச்சிமுத்து நடந்ததைச் சொன்னான். கீழே ஊரில் நடப்பதைப் பற்றி பெள்ளிராஜ் அரைகுறையாகக் கேள்விப்பட்டிருந்தார், நம்பியிருக்கவில்லை. ஃபோனை வாங்கிக் காதில் வைத்து, "அம்மா, நல்லாருக்கீங்களா?" என்று கேட்டார். "இப்ப நல்லாருக்கறனுங்க அண்ணா" என்று பதில் வந்தது. அவர் ஃபோனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ரோட்டோரமாகப் போய், திரும்பி நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எடுத்துட்டுப் போங்க. மத்ததெல்லாம் பின்னாடி பேசிக்கலாம்" என்றார்.

எப்படி எடுத்துப்போவது? சாவியைத் திருப்பினால் அவள் மூச்சு. அப்புறம் பெள்ளிராஜ்தான், இறக்கம்தானே, நியூட்ரலில் விட்டால் தானாக இறங்கும் என்றார். ஒரு பெரிய கல்லை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். வண்டி கைமீறினால் குதித்துச் சக்கரத்துக்கு அடியில் போடுவதற்கு. எஞ்சின் ஓடாததால் பிரேக் கல்லாய் இருந்தது, ஸ்டியரிங் இரும்பாய் இருந்தது. நாச்சிமுத்து இரண்டு கையாலும் தோளாலும் வண்டியைத் திருப்பினான். டயர்கள் ரோட்டில் உருளும் சத்தம் மட்டும் இருந்தது. டேஷ்போர்டில் ஃபோன் இருந்தது.

"என்ன தெரியுதுங்க அங்க?" என்று சௌந்தரம் கேட்டாள்.

"மேகம் புள்ள. ரோட்டு மேலயே இருக்குது. தேயிலத் தோட்டம். ஒரு கொரங்கு, குட்டிய வயித்துல கட்டிக்கிட்டு உக்காந்திருக்குது."

"சொல்லிட்டே வாங்க. முன்சீட்டுல உக்காந்து நா மலைக்கு வந்ததே இல்லீங்க. எப்பவும் சவாரி இருக்கும். இப்பத்தான் வர்றேன்."

அவன் சொல்லிக்கொண்டே வந்தான். அருவி, கீழே தெரியும் ஊர்களின் தென்னைகள், எதிரில் ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டு போன லாரி, எல்லாவற்றையும். பெள்ளிராஜ் கல்லைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அடிவாரத்துச் செக்போஸ்ட்டைத் தாண்டி வண்டி தானாக நின்றது. அங்கிருந்து ஊர் வரைக்கும் சமதளம். ஸ்டாண்டு டிரைவர்களுக்கு ஃபோன் போட்டால், கட்டி இழுக்க வண்டி அனுப்புகிறோம் என்றார்கள். "வண்டி வேண்டாம்" என்றான் நாச்சிமுத்து. "அதுலயும் யாரோ பேரு இருக்கும்ல." 

அப்புறம் ஊர் நடந்து வந்தது. மாரியம்மன் கோயில் தேர் வடத்தைத் தோளில் போட்டுக்கொண்டு ஸ்டாண்டு டிரைவர்கள் வந்தார்கள், பூக்கடைக்காரர் வந்தார், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஹெட்மாஸ்டர் வந்தார், பூவாத்தாவின் சாவுக்குப் பிறகு எங்கேயும் தலைகாட்டாத டாக்டர் செருப்பில்லாமல் வந்தார். வடத்தைக் காரில் கட்டி, பெண்கள் ஒரு பக்கமும் ஆண்கள் ஒரு பக்கமும் பிடித்து இழுத்தார்கள். இழுக்க இழுக்க யாரோ பழக்கத்தில் ஓம்சக்தி என்று குரல் கொடுக்க, மற்றவர்கள் திருப்பிக் குரல் கொடுத்தார்கள். சக்கரத்தின் இரு பக்கமும் கட்டை போட ஆள் நடந்தது. அன்று மாலை வெள்ளைக்கரட்டில் ஒரு வண்டிகூட ஓடவில்லை. மேற்கே மலை, மரங்கள் தனித்தனியாகத் தெரிகிற அளவுக்குத் தெளிவாகத் தெரிந்தது. சௌந்தரம் வாசலுக்கு நடந்து வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தன் பெயரை அத்தனை பேர் இழுத்துக்கொண்டு வருவதைப் பார்த்து வெட்கப்பட்டுச் சிரித்தாள்.

செலவான மூச்சு திரும்பி வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இருக்கிற மூச்சைக் கொண்டு அவள் ஆவணியும் புரட்டாசியும் இருந்தாள். சாயங்காலங்களில் இருவரும் முற்றத்தில் நின்ற காரில் போய் உட்கார்ந்துகொள்வார்கள், அவள் முன்சீட்டில். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அவன், "எங்க போலாம்?" என்பான். அவள் ஏதாவது ஓர் ஊர் சொல்வாள். அவன் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே கூட்டிப்போவான். ஐப்பசியில் முதல் அடைமழை பெய்த சாயங்காலம், ராமேஸ்வரம் போகிற வழியில், பாலம் தெரிகிறது என்று அவன் சொல்லிக்கொண்டிருந்தபோது அவள் பதில் சொல்லவில்லை. அவன் பாலத்தை முழுக்கச் சொல்லி முடித்துவிட்டுத்தான் திரும்பிப் பார்த்தான்.

மழை என்பதால் எழவுக்கு எல்லோரும் காரில் வந்தார்கள். மரியாதைக்காக அடுத்த வீதியில் நிறுத்திவிட்டு, குடை பிடித்துக்கொண்டு நடந்து வந்தார்கள்.

மூன்றாம் நாள் பால் ஊற்றிவிட்டு வந்த பிறகு நாச்சிமுத்து காரிடம் போனான். சௌந்தரம் என்று இருந்த இடத்தில் நாச்சிமுத்து என்று இருந்தது. அவன் ஈரத் துண்டோடு ரொம்ப நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு ஸ்டாண்டு டிரைவர்களைக் கூப்பிட்டுப் புதுப் பேட்டரி போட்டுத் தரச் சொன்னான்.

செய்தி பரவ நேரம் ஆகவில்லை. முதலில் ஒருவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். அப்புறம் எல்லோரும் அவனையே கேட்டார்கள். "உங்க வண்டின்னா மனசுக்கு நிம்மதிங்க, வேற யாருக்கும் பாவமில்ல பாருங்க" என்று அவன் முகத்துக்கு நேராகவே சொன்னார்கள், அன்பாகத்தான் சொன்னார்கள். டாக்டரின் மகள்கூடத் தன் காரை வீட்டில் விட்டுவிட்டு அவன் வண்டியில் போனாள். அவன் எந்தச் சவாரியையும் மறுக்கவில்லை. மலைச் சவாரி என்றால் விடியும் முன்பே குளித்துத் தயாராக நிற்பான்.

தையில் ஒரு புது ஜோடியை மேலே கூட்டிப்போனான். ஏற்றத்தில் இரண்டாவது கியர் போட்டதும் அவனுக்கு நெஞ்சைப் பிடித்தது. இதைத்தான், இந்த இடத்தில்தான், இவ்வளவு வலியைத்தான், மிளகாய் காயப்போட்ட மாடியில் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு வாங்கியிருக்கிறாள் என்று அவன் ஒவ்வொரு வளைவாகத் தெரிந்துகொண்டு போனான். அத்தனை வருஷம் கூட வாழ்ந்தும் தெரியாதது அது. ஓரமாக நிறுத்தி ஆஃப் பண்ணிவிட்டு, வாயைத் திறந்து காற்றை இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கண்ணில் நீர் வழிந்தது. பின்சீட்டில் அந்தப் பெண் புருஷனின் தோளில் சாய்ந்து மேகத்தைப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"ஒடம்புக்கு ஆகலீங்களா அண்ணா? திரும்பிரலாங்களா?" என்று அந்தப் பையன் கேட்டான்.

"இல்லீங்க தம்பி" என்றான் நாச்சிமுத்து. "இன்னும் மேல ஒரு வளைவு இருக்குதுங்க. அதப் பாக்கோணும்."

அவன் சாவியைத் திருப்பினான்.